கழியொலியால் உடலகம் காணல்

மட்பாண்டம் வாங்கச் செல்லும் பெண்டிர் பானையைக் கையில் ஏந்தி, விரலால் ஒருமுறை சுண்டிப் பார்த்த பின்னரே விலை பேசுவர். கணீரென ஒலிப்பின் பானை நன்று. ஒலி மழுங்கின் எங்கோ ஒரு கீறல் உண்டு. பலாப்பழம் வாங்குவோர் அதனைத் தட்டிப் பார்ப்பதும் இத்தகையதே. உடைத்துப் பாராது உள்ளிருப்பதை அறிய விரும்பும் மனிதன் கண்ணைவிட்டுக் காதை நாடுதல் தொன்றுதொட்ட வழக்கமாகும். 1761ஆம் ஆண்டில் லெயோபோல்ட் அவுவன்புறுக்கர் என்னும் ஒஸ்திரிய வைத்தியர், நோயாளரின் மார்பை விரலால் தட்டி அதன் ஒலி வேறுபாட்டினால் உள்ளே நீர் தேங்கியுள்ளதா என அறியும் முறையை ஒரு சிறு நூலாக வெளியிட்டார். விடுதி நடத்திய தம் தந்தையார் மதுப் பீப்பாய்களைத் தட்டி, மது எம்மட்டில் நிற்கின்றதென அறிவதைச் சிறுவயதிற் கண்டவர் அவர் என்பர்.

இன்று நம் நகரங்களிலுள்ள தனியார் வைத்திய நிலையங்கள் பலவற்றிலும் "ஸ்கான்" என்னும் பெயரால் வழங்கும் கழியொலிப் பரிசோதனையும் அடிப்படையில் ஒரு தட்டிப் பார்த்தலே. ஆயின் தட்டுவது விரலன்று, கேட்பதும் செவியன்று. இப்பரிசோதனை எவ்வாறு நிகழ்கின்றது, அதற்குச் செல்வோர் எவற்றை எதிர்பார்க்கலாம், அது கூறும் விடையை எவ்வளவிற்கு நம்பலாம் என்பவற்றை இக்கட்டுரையில் எடுத்துக்கூற முயல்கின்றேன். யான் விஞ்ஞானம் கற்றவனல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்ற ஓர் ஆசிரியன். எனினும், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வைத்திய அறிக்கைகளைப் படித்துப் பொருள் கூறுமாறு அயலவர் என்னிடமே கொண்டு வருகின்றனர். அதனால் இதனைக் கற்க வேண்டிய கடமை எனக்கு நேர்ந்தது. அக்கடமையை யான் காலந்தாழ்த்தி உணர்ந்தமையைப் பின்னர்க் கூறுவேன்.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளையே ஒலியாக உணரும். அதற்கு மேற்பட்ட மீடிறன் உடையன கழியொலி எனப்படும். வௌவால் இவ்வொலியை எழுப்பி, அதன் எதிரொலியைக் கேட்டு இருளில் வழி காண்கின்றது. 1794ஆம் ஆண்டளவில் இத்தாலியரான ஸ்பல்லன்சானி கண்ணிழந்த வௌவால்கள் இடரின்றிப் பறத்தலையும், காது அடைக்கப்பட்டவை முட்டி வீழ்தலையும் அறிந்திருந்தார். காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1938இலேயே அமெரிக்காவில் கிறிபின் என்பார் தகுந்த கருவியைக் கொண்டு அவ்வொலியைக் கண்டறிந்தார்.

வைத்தியத்திற் பயன்படும் ஒலியின் மீடிறன் இவற்றினும் மிக உயர்ந்தது. செக்கனுக்கு இருபது இலட்சம் முதல் நூற்றைம்பது இலட்சம் அதிர்வுகள் வரை செல்லும். அதனை எழுப்புவது எங்ஙனம்? 1880இல் பியேர் கியூரி, யாக் கியூரி என்னும் உடன்பிறந்தார் இருவர், சில பளிங்குகளை அமுக்கும்போது அவற்றில் மின் தோன்றுவதைக் கண்டனர். மறுவகையாக, மின்னைச் செலுத்தினால் அப்பளிங்கு விரிந்து சுருங்கி அதிரும் என்பதும் அடுத்த ஆண்டில் உறுதியாயிற்று. எனவே ஒரே பளிங்கு வாயும் ஆகும், செவியும் ஆகும். ஒரு கணம் பேசுகின்றது; பின்னர் வாய்மூடிக் கேட்கின்றது. இன்று பளிங்கிற்குப் பதிலாகச் செயற்கைப் பீங்கான் துண்டுகள் நூற்றுக்கு மேற்பட்டன ஒரு கைப்பிடியுள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. வைத்தியர் நம் வயிற்றில் வைத்து நகர்த்துவது அக்கைப்பிடியையே.

மென்னிழையங்களினூடே ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,540 மீற்றர் வேகத்திற் செல்லும். ஆகவே தோலிலிருந்து 1 சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள ஒரு பரப்பிற்குச் சென்று தெறித்து மீள்வதற்கு ஒரு செக்கனின் பத்திலட்சத்தில் 13 பங்கு நேரம் வேண்டும். 10 சென்ரிமீற்றராயின் 130 பங்கு. இந்நேரத்தை அளந்து, தெறித்த பொருள் எவ்வாழத்தில் உள்ளதென்று கருவி கணிக்கின்றது. எதிரொலி வலிதாயின் திரையில் வெண்புள்ளி, மெலிதாயின் சாம்பற்புள்ளி, எதிரொலியே இல்லையாயின் கருமை. இப்புள்ளிகள் ஒன்றுசேர்ந்து, செக்கனுக்குப் பலமுறை புதுக்கப்பட்டு, அசையும் படமாகின்றன. பித்தம், சிறுநீர் முதலிய நீர்மங்கள் கருமையாகத் தோன்றும். பித்தக்கல் வெண்ணிறமாகத் தோன்றுவதோடு, ஒலியைத் தடுப்பதால் தன் பின்னே ஒரு கரிய நிழலையும் வீழ்த்தும். நோயாளரை இடப்பக்கம் புரண்டு படுக்குமாறு வைத்தியர் கூறுவது அக்கல் உருள்கின்றதா எனக் காண்பதற்காகும். உருளாது சுவரில் ஒட்டி நிற்பதாயின் அது கல்லன்றி வேறொரு வளர்ச்சியாதலும் கூடும்.

மீடிறன் உயர உயரப் படம் நுண்மை பெறும். ஆனால் ஒலி ஆழத்திற்குச் செல்லாது. ஆதலாற் கழுத்திலுள்ள கேடயச் சுரப்பிக்கு உயர்ந்த மீடிறனும், வயிற்றினுள் ஆழ்ந்து கிடக்கும் ஈரல், சிறுநீரகம் முதலியவற்றிற்குத் தாழ்ந்த மீடிறனும் கொள்ளப்படும். பருத்த உடலினர்க்குப் படம் மங்கித் தோன்றுவதும் இதனாலேயே.

இம்முறை வைத்தியத்தினுள் புகுந்த வரலாறு சுவையுடையது. 1912இல் தைத்தானிக் கப்பல் பனிப்பாறையில் மோதி அமிழ்ந்தமையும், முதலாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் விளைத்த சேதமும் கடலடியில் எதிரொலி கேட்கும் ஆராய்ச்சியைத் தூண்டின. பிரான்சிய அறிஞர் லாஞ்சவன், கியூரி சகோதரர் கண்ட விளைவைப் பயன்படுத்தி அதனை நடைமுறையாக்கினார். பின்னர்த் தொழிற்சாலைகளில் உருக்கின் உள்ளே மறைந்த வெடிப்புகளைக் காண்பதற்கும் கழியொலி பயன்பட்டது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியராயிருந்தவர் இயன் டொனால்ட். போர்க்காலத்தில் விமானப் படையிற் பணிபுரிந்து, ராடார் முதலிய கருவிகளைப் பற்றி அறிந்திருந்த அவர், 1955ஆம் ஆண்டு யூலை மாதத்தில் ஒரு நாள், அறுவையால் அகற்றப்பட்ட கருப்பைக் கட்டிகளையும் சூலகக் கட்டிகளையும் கார்களில் ஏற்றிக்கொண்டு, கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குச் சென்றார். ஒப்புநோக்குவதற்காக அங்கே ஒரு பெரிய மாட்டிறைச்சித் துண்டும் வைக்கப்பட்டிருந்தது. இரும்பின் வெடிப்பைக் காணும் கருவி, நீர் நிறைந்த கட்டி இது, திண்ணிய கட்டி இது என்று வேறுபிரித்துக் காட்டிற்று. கொதிகலன் தொழிலாளர் அன்று என்ன நினைத்தனரோ, அறியேம்.

தொம் பிறவுண் என்னும் இளம் பொறியியலாளரும் யோன் மக்விக்கார் என்னும் வைத்தியரும் டொனால்டுடன் சேர்ந்து உழைத்தனர். ஒரு பெண்மணிக்கு வயிறு பெருத்து, இரைப்பைப் புற்றுநோய் முற்றிவிட்டது, இனிச் செய்வதற்கொன்றுமில்லை என்று வைத்தியர்கள் கைவிட்டிருந்தனர். கழியொலிக் கருவியோ அவ்வயிற்றினுள் பரவிய நீர் இல்லை, நீர் நிறைந்த பெருங்கட்டி ஒன்றே உள்ளது என்று காட்டிற்று. அறுவை செய்தனர், சூலகக் கட்டி முழுமையாக அகற்றப்பட்டது, பெண்மணி பிழைத்தாள். 1958ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி "லான்செற்" என்னும் வைத்திய ஏட்டில் இம்மூவரும் எழுதிய கட்டுரை வெளிவந்தபின் உலகம் இதனைக் கவனிக்கலாயிற்று. சுவீடன் நாட்டில் எட்லர், ஹேட்ஸ் என்னும் இருவர் 1953இலேயே இதயத்தின் அசைவை இவ்வழியாகப் பதிவுசெய்திருந்தனர்.

இதே காலத்தில் வேறோர் ஆராய்ச்சியும் இம்முறைக்கு வழிவகுத்தது. கருவுற்ற தாய்மாரை ஊடுகதிராற் படம் பிடித்தல் அந்நாள் வழக்கம். 1956இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த அலிஸ் ஸ்ரூவாட் அம்மையார், அவ்வாறு படம் எடுக்கப்பட்ட தாய்மாரின் குழந்தைகளிடையே புற்றுநோய் மரணம் ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகின்றது என வெளிப்படுத்தினார். முதலிற் பலர் ஏற்க மறுத்தனர். எனினும் காலப்போக்கில் அவ்வழக்கம் கைவிடப்பட்டு, அதனிடத்தைக் கழியொலி பெற்றது. ஆகவே "கதிர் அடித்தால் பிள்ளைக்குக் கூடாது" என்று சொல்லி இப்பரிசோதனையைத் தவிர்க்கும் நம் முதியோர் கூற்றில் ஊடுகதிரைப் பொறுத்தவரை உண்மை உண்டு. கழியொலியைப் பொறுத்தவரை இல்லை. இதிற் கதிரே கிடையாது. சரியாகக் கையாளப்படும் கழியொலியால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கு விளைந்ததாக நிறுவப்படவில்லை. ஆயினும் ஒலி இழையத்தைச் சிறிது வெப்பமாக்கும் இயல்பினது. ஆதலால் வேடிக்கைக்காகவும் படச்சேகரிப்பிற்காகவும் நெடுநேரம் செய்தல் தகாதென வைத்திய சங்கங்கள் கூறுகின்றன.

நிற்க. இனி நோயாளர் செய்ய வேண்டுவனவற்றை நோக்குவாம். அரசினர் வைத்தியசாலைகளில் இப்பரிசோதனை கட்டணமின்றிக் கிடைப்பினும், முறை வருவதற்குக் காத்திருக்க வேண்டி நேரும். தனியார் நிலையத்தில் முன்கூட்டி இலக்கம் பெற்றுக்கொண்டு, மாலை வேளையில் வரும் கதிரியல் நிபுணரிடம் காட்டலாம். பகலில் அரசினர் வைத்தியசாலையிற் பணிபுரியும் நிபுணரே மாலையில் அங்கு வருதல் பெரும்பான்மை. இலக்கம் பெறும்போதே எவ்வுறுப்பிற்கான பரிசோதனை என்பதைக் கூறி, ஆயத்தம் யாதெனக் கேட்டறிதல் வேண்டும். இதனைச் செய்யாது சென்று திருப்பி அனுப்பப்படுவோர் பலர்.

மேல்வயிற்றுப் பரிசோதனையாயின் ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவு கொள்ளாதிருத்தல் வேண்டும். உணவு, அதிலும் கொழுப்புள்ள உணவு, உட்சென்றதும் பித்தப்பை சுருங்கிவிடும். சுருங்கிய பையினுள் கல்லைக் காண்பது அரிது. "தேத்தண்ணி மட்டுந்தான் குடித்தேன்" என்பார் உளர். பாற்றேநீரும் உணவே. என் தமையனார் ஒருமுறை காலையில் எழுந்து, பழக்கத்தினால் ஒரு கோப்பை பாற்றேநீரை அருந்திவிட்டு, பதினாறு மைல் பஸ்ஸிற் சென்று, அவ்வாறே திரும்பி வந்தார். நீரிழிவு நோயாளர் நெடுநேரம் பட்டினி கிடத்தல் ஆபத்தாகலின், தம் நோயை முன்னரே தெரிவித்துக் காலைவேளை முதல் இலக்கத்தைக் கேட்டுப் பெறுக. அன்று மாத்திரையையும் ஊசிமருந்தையும் என்செய்வதென வைத்தியரையே வினவுக.

கீழ்வயிற்றுப் பரிசோதனைக்கு இதற்கு நேர்மாறான ஆயத்தம் வேண்டும். ஏறத்தாழ ஒரு மணி நேரத்திற்கு முன் நாலைந்து குவளை நீர் அருந்திச் சிறுநீரை அடக்கிக்கொண்டு செல்லுதல் வேண்டும். காற்று நிறைந்த குடல் ஒலியைத் தடுக்கும். நிறைந்த சிறுநீர்ப்பையோ குடலை மேலே தள்ளி, ஒலி புகுவதற்கு ஒரு நீர்ச்சாளரமாக அமையும். இதனையும் டொனால்ட் குழுவினரே 1963 அளவில் உணர்ந்து வழக்கிற் கொணர்ந்தனர். இலக்கம் பின்னோக்கிச் செல்லும்போது சிறுநீரை அடக்கிக்கொண்டு வரிசையில் அமர்ந்திருப்பதன் வேதனை அனுபவித்தோர்க்கே தெரியும். தாங்கவொண்ணாதபோது தாதியிடம் கூற வெட்கப்படலாகாது. முதிய ஆண்களுக்குச் சிறுநீர் கழித்தபின் மீண்டும் ஒருமுறை பார்த்து, எஞ்சி நிற்கும் சிறுநீரின் அளவை மதிப்பிடுவர். கழுத்து, மார்பகம், மூட்டு முதலியவற்றிற்கு எவ்வித ஆயத்தமும் வேண்டா.

அறையினுள் இருள் மென்மையாக இருக்கும்; திரை தெளிவாகத் தெரிவதற்காக என்க. மேற்சட்டையைச் சிறிது உயர்த்திப் படுக்க வேண்டுமாதலால், பெண்டிர்க்கு மேலாடையும் கீழாடையும் தனித்தனியாக உள்ள உடை வசதியானது. பெண் நோயாளருடன் பெண் உதவியாளர் ஒருவர் இருத்தல் முறை, இல்லாவிடிற் கேட்கலாம். தோலில் குளிர்ந்த கூழ் ஒன்றைப் பூசுவர். அது மருந்தன்று. கைப்பிடிக்கும் தோலுக்குமிடையில் மயிரிழையளவு காற்று நிற்பினும் ஒலி முழுவதும் வெளியே தெறித்துவிடும்; அக்காற்றை அகற்றுவதே கூழின் பணி. "மூச்சை இழுத்துப் பிடியுங்கோ" என்று வைத்தியர் கூறும்போது ஈரல் விலாவெலும்பின் மறைவிலிருந்து கீழிறங்கும். நோவில்லை; சிறிது அழுத்தம் மாத்திரம் தோன்றும். பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் நிறைவெய்தும். மணமான பெண்டிர் சிலர்க்கு, கருப்பையை அண்மையிலிருந்து பார்ப்பதற்காக யோனி வழியாகச் செய்யும் முறையும் உண்டு. அதற்கு நோயாளரின் சம்மதம் இன்றியமையாதது. சிறுநீர்ப்பை வெறுமையாயிருத்தல் வேண்டும்.

குருதியோட்டத்தைக் காட்டும் டொப்ளர் முறையிற் சிவப்பும் நீலமும் திரையில் ஓடும். சிவப்பு நல்ல குருதி, நீலம் கெட்ட குருதி என்று உடன் வந்தோர் விளக்கம் கூறுதலைக் கேட்டிருக்கின்றேன். அஃதன்று. பெரும்பாலும் கைப்பிடியை நோக்கி வருவது சிவப்பு, விலகிச் செல்வது நீலம். 1842இல் விண்மீன்களின் நிறத்தைப் பற்றி டொப்ளர் எழுதிய கொள்கை இன்று காலின் நாளத்திற் குருதி உறைந்துள்ளதா என அறியப் பயன்படுகின்றது.

கருவுற்றோர்க்கு 24 வாரங்களுக்கு முன் ஒருமுறையாவது இப்பரிசோதனை செய்தல் வேண்டுமென 2016இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. முதல் மூன்று மாதத்தில், தலை முதற் பிட்டம் வரையான நீளத்தை அளந்து கூறப்படும் பிரசவத் திகதி ஒரு வாரத்திற்கு மேற் பிழைப்பதில்லை. கடைசி மூன்று மாதத்தில் எடுக்கும் படமோ மூன்று வாரம் வரை பிழைக்கலாம். பிள்ளைகள் வளரும் வேகம் அப்போது வேறுபடுமாகலின். ஆதலாற் பிந்திய படம் வேறு திகதி கூறினால் முந்தியதைப் புறக்கணித்தலாகாது. முதற் படத்தின் அறிக்கையைப் பேறு முடியும்வரை பேணி வைக்குக. உறுப்புக் குறைகளைக் காண்பதற்கேற்ற காலம் 18 முதல் 22 வாரம் வரை. ஆணா பெண்ணா என்னும் வினா நம்மவர் நாவில் முதலில் எழுவது. அவ்வினாவிற்கு விடைகூறியதன் விளைவு யாதென்பதற்கு இந்தியா சான்று. அங்கே பெண்சிசுக்கள் கருவிலேயே அழிக்கப்பட்டமையால், 1994இல் அவ்விடையைத் தடைசெய்து சட்டம் இயற்ற நேர்ந்தது.

இனி அறிக்கையைப் பற்றிச் சிறிது விரிவாகக் கூறல் வேண்டும். பரிசோதனையின் பயன், கருவியைவிடக் கைப்பிடியைப் பிடித்த கையிலும் திரையைப் பார்க்கும் கண்ணிலும் தங்கியுள்ளது. நோயின் வரலாறு அறியாது பார்ப்பவர் வேண்டிய இடத்தை நோக்காது விடலாம். அனுப்பிய வைத்தியரின் கடிதத்தையும் பழைய அறிக்கைகளையும் மறவாது கொண்டு செல்க. அன்றியும் சில செய்திகள் எழுதப்பட்டிருப்பதாலேயே அஞ்சத் தக்கன அல்ல. சிறுநீரகத்தில் எளிய நீர்க்கட்டி, ஈரலிற் கொழுப்பு, நோவு தராத பித்தக்கல் என்பன நடுவயதினர் பலரிடம் காணப்படுவன. வைத்தியரின் கூற்றுக்கு ஏற்ப நடத்தலே வேண்டும். அறுவை செய்ய விரைதல் வேண்டா.

இதற்கு மறுதலையான பிழையே கொடிது. அதனை யானே செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் எம்மயலில் வாழ்ந்த முதியவர் ஒருவர், மேல்வயிற்று நோவிற்காகத் தனியார் நிலையம் ஒன்றிற் பெற்ற அறிக்கையைக் கொண்டுவந்தார். "மாஸ்டர், இதில என்ன போட்டிருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றார். ஈரல் செம்மை, பித்தப்பை செம்மை, சிறுநீரகம் செம்மை என்று படித்துக் கூறினேன். சதையியைப் பற்றி, குடல்வளி மறைத்தமையாற் பார்க்க இயலவில்லை என்றிருந்தது. அடியில், நோவு தொடர்ந்தாற் கணினி ஊடுகதிர்ப்படம் எடுத்தல் நன்று என்று ஒரு வரியும் இருந்தது. யான் கூறியதோ, "சதையியில் குறையொன்றும் காணவில்லை, அப்பு" என்பது. அவர் மகிழ்ந்து எழுந்தார். அறிக்கையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டவர் அதனை வைத்தியரிடம் காட்டவில்லை. மாஸ்டரே பார்த்துச் சொல்லிவிட்டார் அன்றோ! மூன்று மாதங் கழித்துக் கண்கள் மஞ்சளாயின. அப்போது எடுத்த படத்தில் சதையியின் தலைப்பாகத்தில் வளர்ச்சி தெரிந்தது. அடுத்த ஆடி அமாவாசைக்கு முன் அவர் மறைந்தார். மூன்று மாதம் முந்தியிருப்பின் பிழைத்திருப்பாரோ என்று ஒரு வைத்தியரை வினவினேன். அந்நோயில் அதனை உறுதியாகக் கூறமுடியாதென்றார்.

"காணவில்லை" என்பதற்கும் "இல்லை" என்பதற்குமுள்ள வேற்றுமையை அறியாதவனல்லேன் யான். நிலத்திற் குடம் இல்லை என்னும் அறிவு எவ்வளவையாற் பிறக்கின்றதென மீமாஞ்சகர் ஆராய்ந்து, அநுபலத்தி என்னும் அளவையைக் கொண்டனர். ஆயின் அதற்கு ஒரு வரையறையும் வைத்தனர். குடம் அங்கிருந்தாற் கட்புலனாகியே தீரும் என்னும் நிலையிலேதான், அது காணப்படாமை அதன் இன்மைக்குச் சான்றாகும். இருளில் நின்று குடத்தைக் காணேன் என்பவன் குடம் இல்லை என்று கூறலாகாது. உயர்தர வகுப்பில் இதனை மாணவர்க்குக் கற்பித்துவந்தவன் யான். குடல்வளி மறைத்த சதையி இருளிலுள்ள குடம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை.

இன்றும் அறிக்கைகள் வருகின்றன. இப்போதெல்லாம் அடிவரியை முதலிற் படிக்கின்றேன். பின்னர் எவ்வெவ்வுறுப்புப் பார்க்கப்பட்டது, எது பார்க்கப்படவில்லை என்று தமிழில் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்து, வைத்தியரை மீண்டும் காணும் திகதி யாதெனக் கேட்கின்றேன். சென்ற தை மாதத்தில் அம்முதியவரின் மகன் தம் மனைவியின் அறிக்கையோடு வந்தார். படலையருகில் நின்றபடியே நீட்டினார். திகதியைக் கேட்டேன்; இன்னும் எடுக்கவில்லை என்றார். என் தொலைபேசியிலேயே இலக்கம் பெற்றுக் கொடுத்து அனுப்பினேன்.